காஜா பெராங்கில் நான் மூட்டிய தீ

மலாக்கா காஜா பெராங்கில் சொக்கலிங்கம் குடும்பத்தின் நல்ல வயல் ஒன்றின் மண்ணைக் கெடுத்தவன் நான். ஜப்பான்காரன் வருவதற்கு முன் விவசாய இலாகாவில் உதவியாளனாக இருந்தேன். அறுப்பு முடிந்ததும் வைக்கோலை உரக்குழியில் மக்க வைக்கும் முறையைச் சொல்லிக்கொடுக்க என்னை அங்கே அனுப்பினார்கள். அதைச் சொல்ல அரை நாள் பிடிக்கும். எனக்கோ மாலை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். "கொளுத்திவிடுங்கள், சாம்பல்தான் உரம்" என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டேன். பயிர் காற்றிலிருந்து இழுத்துச் சேர்க்கும் கரி மண்ணுக்குள் போனால்தான் மண் உயிரோடிருக்கும் என்று பள்ளியிலேயே படித்திருந்தேன். தெரிந்தேதான் அதைப் புகையாக வானத்துக்கு அனுப்பினேன்.

மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த மறுவருஷம், ஓய்வுபெற்றுச் சிரம்பானில் இருந்த என்னைப் பார்க்கக் காதர் நானா வந்தார். மலாக்கா ஜாலான் பெண்டஹாரா தெருவில் துணிக்கடை வைத்திருக்கும் என் பழைய சிநேகிதர்.

"உங்க சொக்கலிங்கம் வயலை விக்கப் போறாரு சார். மண்ணு சிமிந்தியாட்டம் இறுகிப்போச்சாம். வீடு கட்டுறவன் வந்து பார்த்துட்டுப் போயிட்டான்."

மறுநாள் காலை ஏழு மணி பஸ்ஸில் அவரோடேயே ஏறினேன். கட்டணம் இரண்டு வெள்ளி. தம்பின் தாண்டி அலோர் காஜாவில் எஞ்சின் ஆவி கக்கிக்கொண்டு நின்றது. டிரைவர் வாய்க்கால் தண்ணீரை மொண்டு ஊற்றினார்.

"நீங்க ஏறினாலே புகைதான் சார்" என்றார் நானா.

செங் ரப்பர் தோட்டங்களைக் கடந்து மலாக்காவில் இறங்கும்போது மணி பதினொன்று. அங்கிருந்து காஜா பெராங்குக்கு மூன்று சக்கரப் பேச்சா வண்டி.

அங்கே இருப்பவர்கள் மலாக்கா செட்டிகள். பல தலைமுறைக்கு முன் வந்து குடியேறிய தமிழ் வியாபாரிகளின் வம்சம். வீட்டில் பேசுவது மலாய்தான், தமிழ் போய்விட்டது. ஆனால் முன்னோர் செய்த ஒரு சடங்கைக்கூட விட்டதில்லை. ஏன் என்று கேட்கமாட்டார்கள், அப்படியே செய்வார்கள். நான் மாட்டிக்கொண்டது அங்கேதான்.

வயலில் வைக்கோல் குவித்திருந்தது. சொக்கலிங்கம், முன்பு இலாகா வேலையாக வந்தபோது நான் போட்டிருந்ததைப் போலவே ஒரு தொப்பியோடு நின்றார். சுற்றி உறவுக்காரர்கள். எல்லோரும் இடது மணிக்கட்டை முகத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார்கள். ஒருவர் கையிலும் கடிகாரம் இல்லை. மூன்று தடவை பார்த்து, "ச்சு" என்று சலித்துக்கொண்டார்கள். பிறகு சொக்கலிங்கம் தீக்குச்சியை உரசினார்.

பஸ்ஸுக்காக அன்று நான் மணி பார்த்ததும் சலித்ததும் அல்லவா அது!

"நிறுத்துங்கள்!" என்று கத்திக்கொண்டு ஓடினேன்.

"அடடே, துவான்! நல்ல நேரத்தில் வந்தீர்கள். நீங்களே பற்ற வையுங்கள்" என்று சொக்கலிங்கம் தீப்பெட்டியை நீட்டினார். (அவர்கள் மலாயில் பேசியதைத் தமிழில் தருகிறேன்; துவான் என்றால் ஐயா.)

"அன்று நான் சொன்னது தப்பு. தெரிந்தே சொன்னேன், பஸ்ஸைப் பிடிப்பதற்காக."

சொக்கலிங்கத்தின் மனைவி லெட்சுமி இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இத்தனை வருஷமும் பஸ்ஸுக்கா பூசை போட்டோம்!"

சொக்கலிங்கம் சிரிக்கவில்லை. "என் அப்பா சாகும்வரை இதைச் செய்தார், துவான். இந்த மண் அவருடையது. நாளைக்கு வீடு கட்டுபவரிடம் முன்பணம் வாங்கப் போகிறேன்."

"ஒரு போகம் பொறுங்கள்" என்றேன்.

"பொறுக்கலாம்" என்றார் லெட்சுமி. "கெடுத்தவரே குழி தோண்டட்டும்."

தோண்டினேன். அறுபது வயதுக்கு மேல் மண்வெட்டி பிடித்தவன் கோலத்தைப் பார்க்கத் தெருவே வந்தது. பிடி தவறு என்றார் ஒருவர். ஆளே தவறு என்றார் இன்னொருவர். குழி முடிந்ததும் வைக்கோல், சாணம், குளத்துச் சேறு என்று அடுக்கடுக்காகப் போட்டோம். விளிம்பில் நின்று, வானத்துக் கரியை மண்ணுக்குத் திருப்பிக் கொடுப்பது பற்றிக் கையை விரித்துப் பேசிக்கொண்டிருந்தபோது கால் வழுக்கிச் சாணத்தில் விழுந்தேன். சொக்கலிங்கம் அப்போதுதான் சிரித்தார். வீடு கட்டுபவரிடம் அடுத்த அறுப்புக்கு வரச் சொல்லி அனுப்பினார்.

அடுத்த அறுப்புக்கு நானும் போனேன். விளைச்சல் பிரமாதம் ஒன்றுமில்லை. ஆனால் மண்வெட்டி உள்ளே இறங்கியது. கட்டியை உடைத்தால் மண்புழு நெளிந்தது. வீடு கட்டுபவரைச் சொக்கலிங்கம் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டாராம்.

புதுக் குழி தயாராக இருந்தது. எல்லோரும் வரிசையாக நின்று என்னையே பார்த்தார்கள்.

"துவான், நேரமாகிறது" என்றார் சொக்கலிங்கம்.

"எதற்கு?"

"விழுவதற்கு. நீங்கள் விழாவிட்டால் எப்படி மக்கும்?"

லெட்சுமி முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

சிரம்பானில் என் பக்கத்து வீட்டுக்காரர் தினமும் சருகு கொளுத்துகிறார். நான் தொண்டை கிழியச் சொல்லியும் கேட்பதில்லை. காஜா பெராங்கிலோ நான் சொல்லாததைக்கூடக் கேட்டுவிடுகிறார்கள். எதற்கு வம்பென்று இந்தத் தடவை பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. தொப்பியைக் கழற்றிச் சொக்கலிங்கத்திடம் கொடுத்துவிட்டு, விழுந்தேன்.

குளித்து முடிப்பதற்குள் மாலை பஸ் போய்விட்டது.