கடைசிக்கு ஒதுக்கி வைத்த இசைத்தட்டு

என் மாமனார் யேசுரத்தினத்தைப் பற்றி எங்கள் ஊரில் யாரிடம் விசாரித்தாலும், "அந்தப் பாட்டுப்பெட்டிக்காரனா?" என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். இராஜாக்கமங்கலத்துக்குத் தெற்கே, கடலை ஒட்டிய ஊர். வீட்டு வாசலில் நின்றால் அலை தெரியும். ஆனால் வீட்டுக்குள் காற்று வராது. உப்புக்காற்று பட்டால் இசைத்தட்டின் அட்டை நமத்துவிடும், பிளேயரின் கம்பி துருப்பிடிக்கும் என்று எல்லா ஜன்னலையும் சாத்தி, இடுக்குகளில் கந்தல் துணியைத் திணித்து வைத்திருப்பார். நான் கல்யாணமாகி அங்கே வந்தது 2005-இல். என் வீட்டுக்காரர் பிபின் கத்தாரில். கடற்கரையில் வாக்கப்பட்டேன் என்றுதான் பேர், இருந்தது என்னவோ ஒரு பெட்டிக்குள்.

மாமா கப்பலில் ஆயில்மேன். எஞ்சினுக்கு எண்ணெய் போடுவதும் துடைப்பதும் சூடு பார்ப்பதும் வேலை. அந்த இரைச்சலில் ஒருவர் காதில் ஒருவர் வாயை வைத்துக் கத்தினால்தான் கேட்குமாம். கப்பல் சர்க்கரை ஏற்றப் பிரேசிலுக்குப் போகும். சாந்தோஸ் துறைமுகத்தில் முறை வரும்வரை நாள்கணக்கில் காத்துக் கிடக்கும். கரையில் இறங்கினால் மற்றவர்கள் போகிற இடங்கள் வேறு. இவர் ஒருநாள் மழைக்கு ஒரு பழைய சாமான் கடையில் ஒதுங்கினார். உள்ளே ஒரு இசைத்தட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஒரே ஒரு கிதார். அதன்மேல் ஒரு ஆள், பக்கத்தில் படுத்திருப்பவரோடு பேசுகிற சத்தத்தில் பாடிக்கொண்டிருந்தான். அந்த வகைப் பாட்டுக்கு பாஸா நோவா என்று பெயர் என்பதைக் கடைக்காரன்தான் சொல்லிக் கொடுத்தானாம்.

"எல்லாவனும் எனக்க காதுல கத்துவான் மக்கா. அந்த ஒருத்தன்தான் மெதுவா சொன்னான்" என்பார் மாமா. இதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கவேண்டும். நற்கருணை வாங்கிவிட்டு வருகிறவர் முகம்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பயணத்திலும் தட்டுகள்தான். அந்த ஊர்க்காரர்கள் சி.டி. வந்துவிட்டதென்று பழைய தட்டுகளைக் கட்டுக்கட்டாக வெளியே போட்ட காலம். இவர் போர்வைகளுக்கு நடுவே அடுக்கி, இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டிக் கொண்டுவருவார். பெட்டியைத் திறந்தவுடன் மாமி, அதாவது என் மாமியார் குளோரி, தலையில் கை வைப்பாளாம்.

"ஊருல உள்ளவனுவ சென்டும் சேலையும் கொண்டு வாறானுவ. எனக்க மாப்பிள கறுத்த தட்டு கொண்டு வாறாரு. இதுல சோறு போட்டுத் திங்கவா?"

இப்படிக் கேட்டவள்தான் தன் பழைய நூல்சேலைகளைக் கிழித்து ஒவ்வொரு தட்டுக்கும் உறை தைத்துக் கொடுத்தாள். அந்தப் பாட்டுகளுக்கு அவள் வைத்த பேர் தூக்கப்பாட்டு. மத்தியானம் மாமா போட்டுவிட்டால் போதும், அவள் தரையில் கையை மடக்கி வைத்துப் படுத்துத் தூங்கிவிடுவாள். 2004-இல் கடல் வீட்டுக்குள் வந்தபோது பீரோவும் அதிலிருந்த சேலைகளும் போயின. தட்டுகள் மாடியில் இருந்ததால் ஒன்றுகூட நனையவில்லை. மாமி அதை வைத்து ஒரு வருஷம் அவரைக் குத்திக் காட்டினாள்.

கப்பல் வேலையை விட்டு வந்தபிறகும் மாமாவின் தேடல் நிற்கவில்லை. ஆக்கர் கடைகள் எல்லாம் அவருக்குப் பழக்கம். பழைய இரும்பு, பேப்பர் எடுக்கிற கடைக்கு எங்கள் பக்கத்தில் ஆக்கர் கடை என்றுதான் சொல்வோம். கொட்டாரத்தில் ஒரு கடையில், எஸ்டேட் பங்களா ஒன்றைக் காலி செய்தபோது வந்த அமெரிக்க ஜாஸ் தட்டுகள் சாக்கில் கிடந்தன. அதைப் பிள்ளையைத் தூக்குகிற மாதிரி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார். அன்றைக்கு ராத்திரிச் சோறு உண்ணவில்லை. தட்டுகளைக் கழுவி, காயவைத்து, ஒவ்வொன்றாகப் போட்டு, ஸ்பீக்கரின் துணிமேல் உள்ளங்கையை வைத்து அதிர்வு சரியாக இருக்கிறதா என்று பார்த்தார். எந்தத் தட்டைப் போட்டாலும் அந்தக் கை தானாக ஸ்பீக்கருக்குப் போய்விடும்.

2010-இல்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. "இந்தக் காலத்து ஆளுவ வாய்க்குள்ளேயே பேசுதாவ" என்று எல்லாரையும் குறை சொல்ல ஆரம்பித்தார். பாதிரியாரின் பிரசங்கத்தைக்கூட விட்டுவைக்கவில்லை. மாமிக்குத் தெரியாமல் நான்தான் நாகர்கோவிலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். காது டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். எஞ்சின் சத்தத்தில் நரம்பு கெட்டுப்போயிற்று. இனி குறையத்தான் செய்யும், கேட்க ஆசைப்படுவதை இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள் என்றார். ஒரு காது மிஷினும் கொடுத்தார். அதை மாட்டிய மாமா, "திரும்பவும் எஞ்சின் ரூமுக்குள்ள போன மாதிரி கெடக்கு" என்று கழற்றி என் கையில் தந்துவிட்டார்.

பஸ் ஸ்டாண்டில் வைத்து என்னிடம் சத்தியம் வாங்கினார்.

"மாமிகிட்டயும் சொல்லாத, பிபின்கிட்டயும் சொல்லாத. செவிடன்னு ஒரு தடவ பேரு விழுந்தா, எனக்க சவப்பெட்டிக்குள்ளயும் கூட வரும்."

எங்கள் ஊரை அறிந்தவர்களுக்கு இது மிகையில்லை என்று தெரியும். ஒற்றைக் கண்ணன், நொண்டி, திக்குவாயன் என்று ஞானஸ்நானப் பேரே மறந்துபோன ஆட்கள் தெருவுக்கு நாலு பேர் உண்டு. நான் சத்தியம் செய்தேன்.

மறுநாளே மாமா அலமாரியின் ஒரு ஓரத்திலிருந்து தொடங்கினார். காது அடைபடும் முன்னால் எல்லாத் தட்டையும் கடைசியாக ஒருமுறை கேட்டுவிடவேண்டும். சாந்தோஸ் கடையில் முதன்முதலாகக் கேட்ட அந்த ஆரஞ்சு அட்டைத் தட்டை மட்டும் எடுத்துத் தனியே வைத்தார். சோற்றில் மீன் துண்டைக் கடைசிக்கு ஒதுக்கி வைக்கிற புத்தி. "ஏன் மாமா, அதை முதல்ல கேளுங்களேன்" என்று நான் சொல்லிப் பார்த்தேன். சிரித்தாரே தவிர கேட்கவில்லை.

பாதி அலமாரிகூடத் தாண்டவில்லை. 2011 மழைக்காலத்தில் மாமி போய்விட்டாள்.

அன்று நான் ரேஷன் கடைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது மாமி பின்பக்கம் துவைக்கிற கல்லடியில் கிடந்தாள். ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் மாமா உட்கார்ந்து தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிளேயரின் மூடி மூடியிருந்தது. பாட்டு எதுவும் ஓடவில்லை. அதை நான் என் கண்ணால் பார்த்தேன். நெஞ்சுவலி, யார் ஓடி வந்திருந்தாலும் பிழைத்திருப்பாளா என்பது சந்தேகம்தான் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மாமி கூப்பிட்ட சத்தம் ரோடு வரை கேட்டதாக யாரோ சொன்னதைத்தான் பிடித்துக்கொண்டார்கள்.

எதிர்வீட்டில் இருக்கிற லூர்தம்மாள் மாமியின் கூடப்பிறந்த அக்காள். எனக்குப் பெரிய மாமி. சவத்துக்குப் பக்கத்தில் இருந்து மாரில் அடித்துக்கொண்டு அழுதவள், சட்டென்று அழுகையை நிறுத்தி மாமாவின் முகத்துக்கு நேரே வந்தாள்.

"எனக்க தங்கச்சி சாவப்போற நேரம் கூப்பிட்டிருக்கா. நீரு பாட்டுப் போட்டுக்கிட்டு இருந்தீரா?"

வீடு நிறைய ஆட்கள். மாமா என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "ஆமா மைனி. பாட்டுச் சத்தத்துல கேக்கல்ல" என்றார்.

செவிடன் என்ற பேருக்குப் பயந்து கொலைகாரன் என்ற பேரை வாங்கிக்கொள்கிற மனுஷனை என்ன செய்வது? வாயைத் திறக்கமுடியாதபடி சத்தியம் வேறு. லூர்தம்மாள் அங்கேயே வைத்துச் சொல்லிவிட்டாள். ஆண்டுப் பூசை முடிகிறவரைக்கும் இந்த வீட்டில் அந்தப் பெட்டி பாடக் கூடாது. மாமா தலையாட்டினார். துக்க வீட்டில் பாட்டுப் போடாதது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். முப்பதாம் நாள் பூசையோடு டிவியைப் போட்டுவிடுவார்கள். எங்கள் வீட்டிலும் முப்பதாம் நாள் டிவிக்கு விடுதலை கிடைத்தது, ஏனென்றால் பெரிய மாமி சீரியல் பார்ப்பது எங்கள் வீட்டில்தான். இசைத்தட்டுக்குத்தான் ஒரு வருஷம்.

அந்த வருஷத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு மூச்சு முட்டுகிறது. சாத்திய ஜன்னல், அதற்குள் நாங்கள் இரண்டு பேர். மாமா வாராவாரம் தட்டுகளை எடுத்துப் பூஞ்சை துடைப்பார், திரும்ப அடுக்குவார். எதிர்வீட்டிலிருந்து லூர்தம்மாளின் கண் எங்கள் வாசலிலேயே இருக்கும். நான் ஃபோனில் பேசும்போது கொஞ்சம் சிரித்தால்கூட, "ஏட்டி, என்ன களியாட்டம் அங்க?" என்று சத்தம் வரும். பிபினிடம் சொல்லி அழுதால், "ஒரு வருசம்தானே, பொறுத்துக்க" என்பார். கத்தாரில் இருந்துகொண்டு பொறுத்துக்கச் சொல்வது சுலபம். மாமாவோ நாள் போகப் போக என் வாயைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்ள ஆரம்பித்தார். முதுகுப்பக்கம் நின்று கூப்பிட்டால் திரும்புவதில்லை. ஒரு வருஷம் முடிவதற்குள் அவருடைய காது முடிந்துவிடும் என்று எனக்குப் பயமாக இருந்தது. அவருக்கும் இருந்திருக்கவேண்டும்.

ஒரு மத்தியானம் என்னை உள்ளே கூப்பிட்டார். ஆம்ப்ளிஃபயரைப் போடவில்லை. பிளேயரை மட்டும் சுழலவிட்டு முள்ளை வைத்தார்.

"ஸ்பீக்கர்ல சத்தம் வந்தாத்தானே பாட்டு? இது பாட்டு இல்ல. குனிஞ்சு கேளு மக்கா."

குனிந்தேன். முள் தானாகவே பாடிக்கொண்டிருந்தது. கொசு இரைகிற அளவுக்கு மெலிசாக, ஆனால் முழுப்பாட்டும் இருந்தது. மாமாவும் எனக்கு எதிரே தலையைச் சாய்த்துக் காதைத் தட்டுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். "கேக்குது, நல்லாக் கேக்குது" என்று விரலால் தாளம் போட்டு முணுமுணுத்தார். அவர் முணுமுணுத்தது அந்தத் தட்டின் முன்பக்கத்துப் பாட்டை. ஓடிக்கொண்டிருந்தது பின்பக்கம். ஏழு வருஷமாக அந்த வீட்டில் கேட்டுக் கேட்டு எனக்கே எல்லாம் மனப்பாடம். தட்டைத் திருப்பிப் போட்டிருப்பதை அவர் கவனிக்கவில்லை. நான் எழுந்து அடுக்களைக்குள் போய் அழுதேன்.

ஆண்டுப் பூசை வந்தது. பிபினுக்கு லீவு கிடைக்கவில்லை. கல்லறையில் மந்திரித்து, சாப்பாடு போட்டு, ஆட்கள் எல்லாம் கிளம்பியபிறகு லூர்தம்மாளும் பாத்திரத்தில் கறியை வாங்கிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனாள். மாமா குளித்து, வெள்ளைச் சட்டை மாற்றி, அந்த ஆரஞ்சு அட்டையை எடுத்தார். மாமி தைத்த உறையிலிருந்து தட்டை உருவினார். ஆம்ப்ளிஃபயரில் சிவப்பு விளக்கு எரிந்தது.

முள் இறங்கியதும் கிதார் வந்தது. அந்த ஆள் பாடத் தொடங்கினான். மாமா சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினார். பிறகு இன்னும் கொஞ்சம். பிறகு திருகி முழுவதும் கூட்டினார். மெதுவாகச் சொல்கிற அந்த ஆள் வீடு அதிரப் பாடினான். அடைத்த ஜன்னல் கதவுகள் கடகடவென்று ஆடின. மாமா நாற்காலியில் உட்கார்ந்து சுழலும் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எப்போதும் ஸ்பீக்கருக்குப் போகிற கையை அன்று கக்கத்துக்குள் இறுக்கி வைத்துக்கொண்டார். தொட்டால் தெரிந்துவிடும் என்று அவருக்குத் தெரியும்.

வெகுநேரம் கழித்து என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

"மிஷின் போச்சு மக்கா. ஒரு வருசம் சும்மா கெடந்துல்லா, உப்புப் பிடிச்சிருக்கும்."

அவர் பார்க்கும்படி வாயை நன்றாகத் திறந்து, "ஆமா மாமா, உப்புப் பிடிச்சிருக்கு" என்றேன். பாட்டுச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அப்போதுதான் லூர்தம்மாள் வாசலில் வந்து நின்றாள். "பூசை முடிஞ்ச ஈரம் காயல்ல, அதுக்குள்ள இந்தக் கூத்தா? யேசுரத்தினம்! ஓய், யேசுரத்தினம்!" என்று அவருடைய முதுகுக்குப் பின்னால் நின்று கத்தினாள். மாமா திரும்பவில்லை. "தக்கலையில ஒரு மெக்கானிக் உண்டு, கொண்டுபோய்க் காட்டணும். ஒரு பொட்டுச் சத்தம் வரல்ல பாரு" என்று என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

லூர்தம்மாள் ஸ்பீக்கரைப் பார்த்தாள். மாமாவின் முதுகைப் பார்த்தாள். கடைசியில் என்னைப் பார்த்தாள்.

"அன்னைக்கும் இப்பிடித்தானாட்டி?"

"ஆமா."

"அப்ப பாட்டு ஓடல்லியா?"

"இல்ல பெரிய மாமி. பெட்டி மூடித்தான் கெடந்தது."

"பின்ன ஏன் அந்த மனுசன் ஒத்துக்கிட்டாரு?"

"கேளுங்க. உங்க முன்னாலதானே இருக்காரு" என்றேன். நாங்கள் இரண்டு பேரும் கத்திப் பேசியது எதுவும் அவருக்கு எட்டவில்லை.

அவள் அவரிடம் கேட்கவில்லை. சேலைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, சுற்றி வந்து மாமாவின் முகத்துக்கு நேரே உட்கார்ந்தாள். ஒவ்வொரு சொல்லாக, உதடு விரித்துச் சொன்னாள்.

"சரி பண்ணிரலாம். நானும் கூட வாறேன்."

மாமா அவளுடைய வாயையே பார்த்துவிட்டுத் தலையாட்டினார். எழுந்து போய் நிறுத்த எங்கள் மூன்று பேருக்குமே மனம் வரவில்லை. முள் கடைசி வளையத்துக்கு வந்தபோது மாமா கையை நீட்டி அதை மெதுவாகத் தூக்கினார். தட்டைத் துணியால் துடைத்து, மாமி தைத்த உறைக்குள் போட்டு, அலமாரியில் அதன் இடத்தில் வைத்தார்.