குவைத் ஓட்டு

ஆந்திராவுக்குள் இருக்கிற தமிழ் ஊரான பாலசமுத்திரத்துப் பக்கம் கன்னையாவின் முகத்தை மறந்தவர்கள் இருக்கலாம்; குரலை மறந்தவர் ஒருவரும் கிடையாது. இருபத்திரண்டு வருஷமாகக் குவைத்தில் ஒரு அரபி வீட்டில் டிரைவர். வெள்ளிக்கிழமையானால் ஊர்க்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் அவன் பேச்சு வந்து விழும். எடுத்த எடுப்பிலேயே "ச்சீ" என்றுதான் ஆரம்பிப்பான்.

"ச்சீ, நீங்கல்லாம் சோறுதான் துன்றீங்களா? ஒரு குவார்ட்டருக்கும் ஒரு பொட்டலம் பிரியாணிக்கும் ஓட்ட வித்துட்டு, ஏரி நாறுது, ரோடு நாறுதுன்னு எனுக்கு போட்டோ வேற அனுப்பிக்கினு கீறீங்க. இங்க வந்து பாருங்கடா. ரோட்ல சோத்தக் கொட்டித் துன்னலாம்."

அந்த ரோட்டில் அவன் கார் ஓட்டினான் என்பது நிஜம். ஆனால் டிரைவர் வேலையில் ஓட்டுவது கொஞ்சம், காத்திருப்பதுதான் அதிகம். பிள்ளைகளை ஸ்கூலில் விட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். எஜமானி கடைக்குள் போனால் ஏசி போடாமல் காத்திருக்க வேண்டும். கையில் போன். அதில் கொஞ்ச நேரம் தெலுங்கு நியூஸ், கொஞ்ச நேரம் தமிழ் நியூஸ். இரண்டு மாநிலத்து அரசியலும் அந்தச் சூடேறின சீட்டில் உட்கார்ந்துதான் அவன் மண்டைக்குள் ஏறியது. அரபி கூப்பிட்டால் மட்டும் வாயில் வருவது "ஐவா பாபா" ஒன்றுதான். அப்படியே ஆகட்டும் ஐயா என்று அர்த்தம். அரபியின் மச்சான் அங்கே ஒரு தேர்தலில் நின்றபோது கூடாரம் போட்டு, வந்தவர்களுக்கெல்லாம் ஆட்டுக்கறிச் சோறு போட்டார்கள். தட்டுகளைத் தூக்கித் தூக்கிக் கொடுத்தவன் கன்னையா. அதைப் பற்றி ஊர் குரூப்பில் அவன் மூச்சு விட்டதில்லை.

லீவு நாளில் ஃபர்வானியாவில் ஒரு ரூமில் கூடிச் சமைப்பார்கள். கடப்பாக்காரர்கள் நாலைந்து பேர், தஞ்சாவூர்க்காரர் ஒருத்தர், இவன். ஆந்திராவைப் பிரித்த சமயத்தில் அந்த ரூமில் கரண்டி பறந்தது. கன்னையா நடுவில் வாயைத் திறந்தால் கடப்பாக்காரர்கள், "நுவ்வு அரவோடிவி, நீக்கெந்துகுரா?" என்பார்கள். தமிழனுக்கு இதில் என்ன வேலை என்று. சரி, தமிழ்நாட்டு அரசியலைப் பேசலாம் என்றால் தஞ்சாவூர்க்காரர், "கொல்டி, நீ சும்மா இருய்யா" என்று அவனைத் தெலுங்கனாக்கிக் கரண்டியை வாங்கிக்கொள்வார். இரண்டு வீட்டுக்கும் விருந்தாளி, இரண்டு வீட்டிலும் பட்டினி. குவைத்தைக் கேட்கவே வேண்டாம். அங்கே அவன், அரபி வாங்கிக் கொடுத்த அடையாள அட்டையில் வெறும் ஒரு நம்பர். இந்த உலகத்தில் அவன் பேர் உரிமையோடு இருந்த ஒரே இடம் சொந்த ஊர் ஓட்டர் லிஸ்ட்தான். அந்த ஓட்டையும் அவன் ஒரு தடவைகூடப் போட்டதில்லை. லீவு வந்தபோது தேர்தல் வரவில்லை, தேர்தல் வந்தபோது லீவு கிடைக்கவில்லை.

அவன் நைனாவும் போட்டதில்லை. நிலம் இல்லாத ஜனங்களைப் பெரிய வீட்டுக்காரர் டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போவார். சீட்டு வாங்குவது நைனா, முத்திரை குத்துவது பெரிய வீட்டு ஆள். நைனாவுக்கு மிஞ்சியது விரலில் மை மட்டும். அந்த விரலால் சோறு பிசைந்து ஊட்டியதைக் கன்னையா மறக்கவில்லை. நினைத்தால் இன்றைக்கும் அவனுக்குக் குமட்டும்.

கொரோனா வருஷத்தில் அரபி அவனை விசா கேன்சலில் அனுப்பிவிட்டார். திருப்பதியில் ஒரு லாட்ஜில் அடைத்துவைத்து, அப்புறம் ஊருக்கு விட்டார்கள். இனி திரும்பிப் போவதில்லை என்பதைப் பெண்டாட்டி பத்மினியிடம் மட்டும் சொன்னான். மற்றவர்கள் கேட்கவில்லை. பார்த்தவரெல்லாம் "எப்ப வந்தே, எப்ப போறே?" என்று ஒரே மூச்சில் கேட்டுவிட்டு, பதிலுக்குக்கூட நிற்காமல் போனார்கள்.

போட்டோவில் பார்த்த ஏரி வேறு, மூக்கில் ஏறிய ஏரி வேறு. எங்கோ ஒரு மாங்கூழ் பேக்டரியின் கழிவை டேங்கரில் கொண்டுவந்து கொட்டுவதற்கு வழி செய்தவன் காண்ட்ராக்டர் வரதராஜன். மாம்பழ சீசன் முடிந்து மாசக்கணக்காகியும் தண்ணீர்மேல் கறுப்பாக ஆடை கட்டிக் கிடந்தது. அழுகின பழமும் சாக்கடையும் சேர்ந்த வாடை வீட்டுக்குள் வந்தது. தட்டில் கை வைத்தால் ஈ. பத்மினி ஈயை ஓட்டிக்கொண்டே சாப்பிட்டாள்.

"எப்டிடீ துன்றே?" என்றான்.

"பழகிப்போச்சி மாமா."

ஏரி நாற்றத்தைவிட அந்தப் பழகிப்போச்சுதான் அவனுக்கு அருவருப்பாக இருந்தது.

பிப்ரவரியில் பஞ்சாயத்துத் தேர்தல் வந்தது. சர்பஞ்ச், அதாவது பஞ்சாயத்துத் தலைவர் பதவிக்கு வரதராஜனே நின்றான். எதிர்த்து நின்றவள் மகளிர் சங்கத்துச் செங்கம்மா. கழிவு டேங்கருக்குக் குறுக்கே ஒரு நாள் தனியாளாகப் போய் உட்கார்ந்தவள். கன்னையா அவள் வீட்டுக்கே போய்ச் சொன்னான். "எம்மா, என் ஓட்டு உனுக்குத்தான். ஆயுசுல மொத ஓட்டு."

"ஒண்ணாவது நிச்சயம்னு தெரிஞ்சிக்கினேன்ணா" என்று செங்கம்மா சிரித்தாள்.

கன்னையாவின் அண்ணன் முனியப்பன் வரதராஜனிடம் மேஸ்திரி. அவனைத்தான் வரதராஜன் பூத் ஏஜெண்டாக உட்காரவைத்தான். ஓட்டுப் போட வருகிறவன் சரியான ஆள்தானா என்று பார்த்துச் சொல்கிற வேலை. வேலிக்கு ஓணானைச் சாட்சி வைத்த மாதிரி என்று கன்னையா குரூப்பில் பேசி அனுப்பினான். ஊரிலேயே இருந்துகொண்டு ஊர் குரூப்பில் பேசுவது ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. ஆனால் நேரில் பேச ஆரம்பித்தால் ஒருத்தரும் நின்று கேட்பதில்லை.

தேர்தலன்று காலையில் தலைக்குக் குளித்து, அயர்ன் செய்த வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டான். அடையாளத்துக்குப் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டான். ஓட்டர் அட்டையில் மீசை முளைத்த புதிதில் எடுத்த போட்டோ இருந்தது. அது அவனுக்குப் பிடிக்காது. வரிசையில் போய் நின்றான். நைனாவை நினைத்துக்கொண்டான்.

உள்ளே சித்தூரிலிருந்து வந்திருந்த ஆபீசரம்மா பேரைத் தேடி விரலை ஓட்டினாள். விரல் நின்றது.

"மீ ஓட்டு அயிபோயிந்தண்டி" என்றாள். உங்கள் ஓட்டைப் போட்டாயிற்று.

"நான் இப்பத்தாம்மா வர்றேன்."

அவள் பாஸ்போர்ட்டையும் லிஸ்ட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். பக்கத்துப் பெஞ்சில் செங்கம்மாவின் ஏஜெண்டாக இருந்த பெண், "காலைலயே ஒருத்தர் வந்து போட்டாரே மேடம். இந்த அண்ணன்தான் அவரு கன்னையான்னு சொன்னாரு" என்று முனியப்பனைக் காட்டினாள். முனியப்பன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"காலையில வந்தது யாருங்க?" என்றாள் ஆபீசரம்மா.

"அதுவும் கன்னையாதான் மேடம்" என்றான் முனியப்பன்.

வரிசையில் நின்றிருந்த ஒரு கிழவர் சிரித்துவிட்டார். "குவைத் ஓட்டு எப்பவுமே மொதல்ல வுழுந்துடும் மேடம். கன்னையா, உனுக்குத் தெரியாதா? உங்கண்ணன் ஒரு எலெக்‌ஷன்கூட வுட்டதில்ல, யாரயாச்சும் அனுப்பிக் குத்திடுவாரு."

அப்படியானால் இத்தனை வருஷமும் கன்னையாவின் ஓட்டு விழுந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. வெள்ளிக்கிழமைதோறும் எவனைக் காறித் துப்பினானோ, அவன் பக்கமே விழுந்திருக்கிறது. அந்த ஏரியில் மிதக்கிற கறுப்பில் அவன் பங்கும் இருக்கிறது.

ஆபீசரம்மா ஒரு பேப்பரையும் பேனாவையும் நகர்த்தினாள். "ஆள்மாறாட்டம்னு எழுதிக் குடுங்க. உங்களுக்குத் தனியா ஒரு சீட்டுத் தர்றேன், ஓட்டுப் போடலாம். வெளியே போலீஸ் இருக்காங்க, அவங்க விசாரிச்சிக்குவாங்க."

கன்னையா பேனாவை எடுத்தான். திருடனையெல்லாம் ஜெயிலில் போடணும் என்று எத்தனை வெள்ளிக்கிழமை கத்தியிருக்கிறான். இதோ திருடன், கைக்கெட்டின தூரத்தில். முனியப்பன் இப்போதுதான் தம்பியின் முகத்தைப் பார்த்தான். குரலை உயர்த்தவில்லை.

"எழுதுடா. எல்லாரும் திருடன்னு சொல்றவன் ஓட்டுப் போட வருவான்னு எனுக்கு இன்னா தெரியும்? நைனா ஆறு மாசம் படுக்கையில கெடந்தாரு, பீ மூத்திரம் அள்ளுனேன். அப்பவும் நீ போன்லதாண்டா இருந்தே. எழுது, போலீஸ்ல புடிச்சிக் குடு."

பின்னால் வரிசை முணுமுணுத்தது. வெயில் ஏறுகிறது, சீக்கிரம் ஆகட்டும் என்றார்கள். பேனா பேப்பரில் பட்டது. ஒரு எழுத்தும் வரவில்லை.

"வேணாம்மா" என்றான் கன்னையா. குவைத்தில் பாபாவுக்கு முன்னால் வருகிற அதே குரல். அவன் காதுக்கே அது கேட்கச் சகிக்கவில்லை. பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, வேலியோரம் நின்று துப்பினான். அண்ணனை நினைத்துத்தான் துப்பினான் என்றாலும், அண்ணன்மேல் மட்டும் அருவருப்பாக இருந்திருந்தால் எவ்வளவோ தேவலை.

சாயங்காலமே எண்ணி முடித்தார்கள். வரதராஜன் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தான். செங்கம்மா ஒரு ஓட்டில் தோற்றிருந்தால் அழுவதற்காவது ஒரு காரணம் இருந்திருக்கும், அதுவும் இல்லை. பட்டாசுப் புகையில் அவள் எதிரே வந்தாள். கண் சிவந்திருந்தது. "நீ போட்டியாண்ணா?" என்று கேட்டாள். கன்னையா தலையாட்டினான். பொய் அவ்வளவு சுலபமாக வந்தது. அவள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி மூலையில் எறிந்தான். பத்மினி அரிசி களைந்துகொண்டிருந்தாள். அவளிடம் எல்லாவற்றையும் கொட்டினான். அண்ணனைத் திட்டினான், வரதராஜனைத் திட்டினான், ஊரை, நாட்டை, ஜனங்களை, ஒருத்தர் பாக்கியில்லாமல் திட்டினான்.

"ச்சீ, கூடப் பொறந்தவனே இப்டி செய்வானா? இருக்கட்டும், என் ஓட்டர் அட்ட அவன் கைக்கு எப்டிடீ போச்சி? அது நம்ம பீரோல இருந்தது."

பத்மினி களைந்த தண்ணீரை வடித்துக்கொண்டே சொன்னாள்.

"நான்தான் மாமா குடுத்தேன். விடியகாலம் பின்பக்கமா வந்து, குவைத் அட்டயக் குடும்மான்னாரு. எப்பவும் கேக்கறதுதான, எடுத்துக் குடுத்தேன்."

"நான் எங்க இருந்தேன் அப்ப?"

"குளிச்சிக்கினு இருந்தே."

"அப்ப நான் வூட்லதானடீ கீறேன்! வூட்ல கீறவன் அட்டய எப்டிடீ எடுத்துக் குடுப்பே?"

பத்மினி நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கே அப்போதுதான் அது உறைத்தது. மழுப்பவில்லை, சண்டைக்கும் வரவில்லை. நிஜமாகவே யோசித்துப் பார்த்துவிட்டு, மெதுவாகச் சொன்னாள்.

"நீ இருக்கறதே நெனப்புல இல்ல மாமா."