லிஃப்ட் அத்தானும் தம்பதி வகுப்பும்

என் அக்கா புருஷனைப் பற்றி யாரும் ஒரு குறை சொல்லிவிட முடியாது. சொன்னால் மறுநாளே அந்தக் குறையைச் சரிசெய்துவிட்டு வந்து நிற்பார். அவர் லிஃப்ட் மெக்கானிக். எங்கள் குடும்பத்தில் லிஃப்ட் அத்தான் என்றே பெயர். பெரிய குடியிருப்புகளில் லிஃப்ட் நடுவழியில் நின்றுவிட்டால் இவருக்குத்தான் போன் வரும். உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் குய்யோ முறையோ என்று கத்துவார்கள். இவர் மேலே மோட்டார் அறையில் நிதானமாக வேலை பார்ப்பார். "கத்துறவங்க கத்தட்டும். கதவு திறந்தா தானா அடங்கிடுவாங்க" என்பார்.

வீட்டிலும் அதே கதைதான். இடுப்பு வலிக்கிறது என்று அக்கா வாயைத் திறந்தால் புது நாற்காலி வரும். வெயில் தாங்கவில்லை என்றால் ஜன்னலுக்குத் திரை வரும். அக்கம்பக்கத்துப் பெண்கள் கண் வைக்காத குறை. "உனக்கென்னம்மா, ராணி மாதிரி வச்சிருக்காரு" என்று சொல்லிச் சொல்லியே அவள் வாயை அடைத்துவிட்டார்கள் என்பது என் கட்சி.

நான் சலூன் வைத்திருக்கிறேன். கத்தரிக்கோலைவிட வாய்தான் எனக்கு அதிகம் ஓடும். அதனால் ஒரு வீட்டில் பேச்சு நின்றுபோனால் எனக்குச் சட்டென்று தெரிந்துவிடும். அக்காவுக்குப் பிறந்த ஒரே குழந்தை ஆஸ்பத்திரியிலேயே, பிறந்த சில நாட்களில் இறந்துபோனது. அன்றைக்கு நின்ற பேச்சு. சண்டை கிடையாது, சச்சரவு கிடையாது. "சாப்பாடு எடுத்து வைக்கவா?" "வை." வருடக்கணக்கில் இவ்வளவுதான்.

ஒருநாள் அக்கா என் கடைக்கே வந்துவிட்டாள். வெளியூரில் பெண்கள் விடுதி ஒன்றில் வார்டன் வேலை கிடைத்திருக்கிறதாம். தங்குவதற்கு அறையும் உண்டாம்.

"அத்தானும் வர்றாரா?"

"இல்லடா. நான் மட்டும்தான். திரும்பி வர்றதா இல்ல."

"அவர்கிட்ட சொல்லிட்டியா?"

"சொன்னேனே. நல்ல சக்கரம் வச்ச பெட்டி ஒண்ணு வாங்கிட்டு வந்துட்டாரு."

இந்த மனுஷனை வைத்துக்கொண்டு சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. அவர்மீது மட்டுமல்ல, ஊமை மாதிரி இத்தனை வருடம் இருந்த இவள்மீதும்தான்.

எங்கள் பகுதி நூலகத்தின் மாடியில் சனிக்கிழமை மாலைகளில் ஒரு வகுப்பு நடக்கும். ஓய்வுபெற்ற நர்ஸம்மா ஒருவர், புருஷன் பெண்டாட்டிகள் ஒருவரோடொருவர் எப்படிப் பேசுவது என்று இலவசமாகச் சொல்லித் தருவார். வேலையில் சேர இன்னும் நாள் இருக்கிறது, அதுவரை அத்தானோடு இந்த வகுப்புக்கு வா, அப்புறம் உன் இஷ்டம் என்று அக்காவின் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினேன். என் நச்சரிப்புத் தாங்காமல் சம்மதித்தாள். துணைக்கு நானும் என் வீட்டுக்காரியும் சேர்ந்தோம்.

வகுப்பில் முக்கியமான பயிற்சி ஒன்றே ஒன்றுதான். ஒருவர் மனதில் உள்ளதைச் சொல்ல வேண்டும். மற்றவர் பதில் பேசக் கூடாது, காரணம் சொல்லக் கூடாது. கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லி, "சரியா சொன்னேனா?" என்று கேட்க வேண்டும். எதிராளி "சரி" என்று சொல்லும்வரை திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறது அல்லவா? முதல் நாளே நான் மண்ணைக் கவ்வினேன். என் வீட்டுக்காரி பாதி சொல்வதற்குள் எனக்கு நானே வக்கீலாகிவிட்டேன்.

அத்தானோ வெளுத்து வாங்கினார். ஒரு சொல் சிந்தாமல் சிதறாமல் ஒப்பிப்பார். அக்காவும் உடனே "சரி" என்பாள். நர்ஸம்மா பூரித்துப்போய், புதிதாக வருகிறவர்களுக்குச் செய்து காட்ட இவர்களைத்தான் முன்னால் உட்காரவைப்பார். அத்தான் அதற்கென்றே சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வர ஆரம்பித்தார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அக்கா சொல்லும் குறைதான் என்ன? ஈரத் துண்டைக் கட்டிலில் போடுகிறார், செருப்பை வழியில் விடுகிறார். இதைச் சொல்லவா ஒரு வகுப்பு?

கடைசி சனிக்கிழமை வந்தது. மறுநாள் அக்காவுக்கு ரயில். நர்ஸம்மா வழக்கம்போல அவர்களை முன்னால் அழைத்து, "சும்மா சின்னதா ஒண்ணு சொல்லும்மா" என்றார். அக்கா கைகளை மடியில் வைத்துக்கொண்டு அத்தானைப் பார்த்தாள்.

"ஆஸ்பத்திரியிலேருந்து வெறுங்கையோட வீட்டுக்கு வந்தேன். தொட்டில் இருந்த இடத்துல ஒண்ணுமே இல்ல. எங்க உக்காந்து அழறதுன்னு தெரியாம நின்னேன்."

எனக்கு அந்த நாள் நினைவுக்கு வந்தது. அவள் வருவதற்கு முன்பே அத்தான் தொட்டிலைக் கழற்றி, குட்டித் துணிமணிகளோடு யாருக்கோ கொடுத்துவிட்டார். மேலே கொக்கி இருந்த ஓட்டையைக்கூடப் பூசியிருந்தார். எவ்வளவு நல்ல மனசு என்று எல்லோரும் மெச்சினார்கள்.

அத்தான் தொண்டையைச் செருமிக்கொண்டார். "நீ வெறுங்கையோட வந்தே. பாத்தா உன் மனசு உடைஞ்சிடுமேன்னு நான்தான் தொட்டிலை எடுத்துட்டேன். சரியா சொன்னேனா?"

"தப்பு."

அந்தச் சொல்லை அவள் அங்கே சொன்னது அதுவே முதல் தடவை.

"நீ வந்தே. தொட்டில் இல்ல. உன் நல்லதுக்குத்தானேன்னு நெனச்சு..."

"தப்பு. நல்லதுக்குன்னு நான் சொல்லல."

அத்தானின் கை சட்டைப் பையைத் துழாவியது. எப்போதும் அங்கே இருக்கும் ஸ்க்ரூடிரைவர் இஸ்திரிச் சட்டையில் இல்லை. ஐயோ பாவம் என்று இருந்தது எனக்கு. "விடுக்கா" என்று எழப்போனேன். என் வீட்டுக்காரி கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

மூன்றாவது தடவை அவர் மெதுவாகச் சொன்னார். "நீ வெறுங்கையோட வந்தே. தொட்டில் இருந்த இடத்துல ஒண்ணுமே இல்ல. எங்க உக்காந்து அழறதுன்னு தெரியாம..." அங்கே நிறுத்தி, அக்காவின் முகத்தைப் பார்த்தார். "தெரியாம நின்னே."

சரியா சொன்னேனா என்று கேட்க அவரால் முடியவில்லை. அக்கா தானாகவே "சரி" என்றாள்.

"இப்ப நீங்க பதில் சொல்லலாம்" என்றார் நர்ஸம்மா.

அத்தான் இல்லை என்று தலையாட்டினார். கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் இல்லை. அக்காவைப் பார்த்து, "இன்னும் இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

"நெறைய இருக்கு" என்றாள் அக்கா. "வாங்க, நம்ம வீட்டுக்குப் போய்ச் சொல்றேன்."