ஸ்டெல்லா கேட்ட குழம்பு

காலையில் என் மகள் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பள்ளிக்குக் கிளம்பினாள். அந்தக் கயிற்றைப் பார்த்தாலே எனக்கு இன்னும் பிடரி அரிக்கும். சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

எண்பதுகளின் கடைசி. ஆவடி பருத்திப்பட்டில் இரண்டாவது வரை தமிழில் படித்தேன். அங்கே நான்தான் லீடர், சரியான வாயாடி. ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்த அப்பாவுக்கு என்ன தோன்றியதோ, மூன்றாவதில் இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்துவிட்டார். “எம் பொண்ணு தஸ்ஸு புஸ்ஸுன்னு பேசப் போவுது பாரு” என்று தெரு முழுக்கச் சொல்லிக்கினு திரிந்தார். நானோ அங்கே போய் ஊமையாகிவிட்டேன்.

அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம். தமிழ் பேசி மாட்டினால் கழுத்தில் ஒரு மர அட்டை தொங்கும். அடுத்து யார் பேசுகிறார்களோ, அவர் கழுத்துக்குப் போகும். கடைசி மணி அடிக்கும்போது யாரிடம் இருக்கிறதோ அவர் பெயர் நோட்டில் ஏறும். மூன்று முறை ஏறினால் ஒரு வகுப்பு கீழே இறக்கிவிடுவார்கள். முதல் மாதத்திலேயே எனக்கு இரண்டு ஆகிவிட்டது. எறும்பு கடித்தால் “அய்யோ” என்று கத்தாமல் வேறு எப்படிக் கத்துவதாம்?

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், ஜன்னலில் தூறலைப் பார்த்ததும் “ஏய், மய வந்துகினு கீது!” என்று கூவிவிட்டேன். அட்டை வந்தது. அதற்குப் பிறகு ஒருத்தரும் தமிழில் வாய் திறக்கவில்லை. மூன்றாவது முறையும் ஏறினால் அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று கணக்குப் போட்டுக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்தேன்.

பக்கத்தில் ஸ்டெல்லா. குவார்ட்டர்ஸ் பெண். வீட்டில் திருநெல்வேலித் தமிழ், வகுப்பில் எல்லோரையும்விட நல்ல இங்கிலீஷ். அவள் பெயர் ஒரு நாளும் நோட்டில் ஏறியதில்லை. மணியடிக்க இரண்டு நிமிடம் இருக்கும். என் பக்கம் திரும்பி, டீச்சர் காதில் விழும்படி கேட்டாள்: “ஏ பிள்ள, ஒங்க வீட்ல இன்னைக்கி என்ன கொழம்பு?”

டீச்சர் அவளைக் கை காட்டினார். அட்டையைக் கழற்றி என் கையாலேயே அவளுக்கு மாட்டினேன். கண்ணைச் சிமிட்டினாள், பாவி. நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் அட்டை திரும்ப வந்துவிடுமே என்ற பயம்.

என்னைக் கீழே இறக்கவில்லை. அப்பா ஆசைப்பட்ட இங்கிலீஷும் வந்தது, இன்று அதில்தான் என் பிழைப்பே ஓடுகிறது. அதைக் கொடுத்தது அப்பா பாதி, ஸ்டெல்லா பாதி.

அடுத்த வருஷமே அவள் அப்பாவுக்கு மாற்றல் வந்து குடும்பத்தோடு போய்விட்டார்கள். அவர்கள் இருந்த குவார்ட்டர்ஸும் இப்போது இல்லை, வெறும் புதர். அந்த அட்டை எந்தக் குப்பையில் போனதோ, போகட்டும்.

அன்றைக்கு எங்கள் வீட்டில் கருவாட்டுக் குழம்பு, ஸ்டெல்லா. நீ கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.