சங்குக்குப்பத்துக்கு தண்ணி வந்த கதை

மைக்செட்டு தொழில்ல ஒரு சங்கடம் இருக்கு: நல்ல சேதி சொன்னா அது ஆபீஸ் குடுத்ததுன்னு எடுத்துக்குவாங்க, கெட்ட சேதி சொன்னா நீயே கெளப்பிவுட்டதுன்னு எடுத்துக்குவாங்க. தொண்டைய வச்சி சோறு துண்ற அத்தினி பேருக்கும் இது தெரியும். பஸ் கண்டக்டருங்க, ஏலம் வுடறவங்க, வாத்தியாருங்க, நீங்கல்லாம் நம்ம கூட்டம்தான். உங்ககிட்ட சொல்லாம யார்கிட்ட சொல்றது.

நான் படிச்சது அஞ்சாவது வரைக்கும். ஆனா எந்த கொரலா இருந்தாலும் ஒருவாட்டி காதுல வுழுந்தா போதும், அப்பிடியே திருப்பி குடுத்துடுவேன். அந்த ஒரு வித்தைய பாத்துத்தான் எழுபதுகள்ல எங்க கொம்யூன்ல, பாண்டிச்சேரியில பஞ்சாயத்துக்கு அப்பிடித்தான் பேரு, அறிவிப்பு வேலைக்கு என்னை வச்சிருந்தாங்க. காசியோட சைக்கிள் ரிக்‌ஷா, அது மேல ஒரு ஹாரன், காலடியில கார் பேட்டரி, கையில மைக்கு. காசி மிதிப்பான், நான் கத்துவேன்.

எங்க கொம்யூன் பாகூர் பக்கம். கெழக்கால கடலோரத்துல சங்குக்குப்பம், மீன் புடிக்கறவங்க. அதுக்கு மேக்கால ஆலங்கரை, நெல்லும் கரும்பும் போடறவங்க. நடந்தா வேத்து வுடறதுக்குள்ள வந்துடலாம். ஆனா ஆலங்கரை கெணத்துல எறைக்க எறைக்க தித்திப்பு தண்ணி, குப்பத்துல எங்க தோண்டினாலும் கரிக்கும். குப்பத்து பொம்பளைங்க இடுப்புல ஒரு குடம், தலையில ஒரு குடம்னு ஆலங்கரைக்கு நடப்பாங்க. அங்க ஊர்க்காரங்க எல்லாரும் மொண்டதுக்கு அப்பறந்தான் இவங்க கயிறு வுடணும். நடக்க முடியாத வூட்டு புள்ளைங்க கரிப்பு தண்ணிதான் குடிக்கும். ஆலங்கரையிலேருந்து ஒரு பைப்பு போட்டா எல்லாம் தீந்துச்சி. அந்த பைப்பு வருமா வராதாங்கறதுதான் அப்போ பேச்சு. என் வாயில அது எத்தினியோ தடவ வந்துடுச்சி, குப்பத்துக்குத்தான் வரல.

அஞ்சு வூடு அடுத்த சர்க்கார்

பாண்டிச்சேரி மேப்ப பாத்திருக்கீங்களா? எலி கடிச்ச வேட்டி மாதிரி இருக்கும். ரெண்டு வெள்ளக்காரங்க ஆளுக்கு ஒரு பக்கம் புடிச்சி இழுத்து கிழிச்சாங்க, தைக்காமயே போட்டுட்டு கப்பல் ஏறிட்டாங்க. ஆலங்கரைக்கும் குப்பத்துக்கும் நடுவுல ஒரு புளியமரம். அதுக்கு பின்னாடி அஞ்சு வூடு தென்னாற்காடு ஜில்லா. அந்த அஞ்சு வூட்டுக்கு ரேஷன் வேற, ஓட்டு வேற, போலீசு வேற. பைப்புக்கு அளக்க வந்த சர்வேயர் சங்கிலிய நேரா இழுத்துகினு வந்தாரு, புளியமரத்துகிட்ட நின்னுட்டாரு. அடுத்த சர்க்கார் மண்ண தோண்டணும்னா மெட்ராசுக்கு எழுதி கேக்கணுமாம். வேற வழி ஒண்ணுதான், ஆலங்கரை பெரிய தெருவ தோண்டி சுத்திகினு வரணும். அந்த தெருக்காரங்க சம்மதிக்கணும். அங்கதான் சிக்கிச்சி.

அந்த சமயம் பாத்து குப்பத்துல ரெண்டு பேருக்கு வாந்திபேதி. ஊசி போட டாக்டர் வர்றாரு, போய் சொல்லுன்னாங்க. நம்ம எல்லையோட நிறுத்திக்கோ, மருந்து நமக்கு மட்டுந்தான் வந்திருக்குன்னும் சொன்னாங்க. நானும் புளியமரம் வந்ததும் மைக்க அணைச்சிட்டேன். அந்த அஞ்சு வூட்ல ஒரு வூட்டம்மா, கையில தொடப்பத்தோட, ரிக்‌ஷா முன்னாடி வந்து நின்னுச்சி. காசி பிரேக்க புடிச்சான். அந்தம்மா என்னை திட்டவே இல்ல. ரொம்ப நிதானமா ஒண்ணு கேட்டுச்சி.

"ஏன்பா, வாந்திபேதி இந்த மரத்துகிட்ட வந்து நின்னு, இது எந்த சர்க்கார்னு கேட்டுட்டா திரும்பி போவுது?"

சொல்தா

குப்பத்துல ஒரு பெரியவர் இருந்தாரு. பேரு கண்ணுசாமி, ஆனா அப்பிடி கூப்ட்டா திரும்ப மாட்டாரு. சொல்தான்னாத்தான் திரும்புவாரு, பிரெஞ்சுல அதுக்கு சிப்பாய்னு அர்த்தம். பிரெஞ்சு பட்டாளத்துல சேந்து சைகோன்ல சண்ட போட்டவரு. அங்கேருந்து பென்ஷன் வந்துகினு இருந்துச்சி. கொம்யூன் ஆபீசுன்னா அவருக்கு புரியாது, பிரெஞ்சுல மேரின்னு சொல்லணும். எங்க ரிக்‌ஷா குப்பத்துல நொழைஞ்சா, மேரியிலேருந்து உத்தரவு வருதுன்னு, லுங்கிய எறக்கிவுட்டுட்டு, காலு ரெண்டையும் ஒட்டவச்சி நேரா நிப்பாரு. நான் அவரு மாதிரியே நெஞ்ச நிமித்திகினு, மூக்கால "அலே, அலே"ன்னு காசிய வெரட்டுவேன். அவருக்கு கோவம் வராது. என் உச்சரிப்பு சரியில்லன்னு திருத்துவாரு.

ஒருநாள், சங்குக்குப்பத்துக்கு குடிதண்ணி பைப்பு போட திட்டம் தயாராவுது, பொதுமக்கள் ஒத்துழைக்கணும்னு அறிவிக்கறேன். சொல்தா அசையாம கேட்டுகினு இருந்தாரு. முடிச்சதும் சல்யூட் அடிப்பாரேன்னு பாத்தேன், அடிக்கல. லுங்கிய மடிச்சி கட்டிகினாரு. கிட்ட வந்து, மைக்க ஏதோ பழைய கூட்டாளிய பாக்கற மாதிரி பாத்தாரு.

"இதையே வெள்ளக்காரன் காலத்துல தமுக்கடிச்சி சொன்னாங்கடா. நான் கப்பல் ஏறி சைகோன் போனேன், சண்ட போட்டேன், குண்டடிபட்டேன், திரும்பி வந்தேன், பென்ஷனும் வாங்கறேன். அவ்ளோ தூரம் போன நானே வந்துட்டேன், இந்த ஆலங்கரை தண்ணி இன்னும் கெளம்பவே இல்லியே."

மைக்குக்கு மேல ஒரு கொரலு

குப்பத்துல ஒரு மொறை உண்டு. கலெக்டரே வந்தாலும் மொதல்ல நாட்டார பாக்கணும். நாட்டார்னா அந்த ஊருக்கு தலைவரு. நான் ரிக்‌ஷாவ வுட்டு எறங்கி, சேதிய மெதுவா அவரு காதுல சொல்லணும். அவரு கடல பாப்பாரு, கொஞ்சம் யோசிப்பாரு, அப்பறம் தலைய ஆட்டுவாரு. அதுக்கப்பறந்தான் மைக்கு பேசும். ஹாரன் கட்டி, பேட்டரி தூக்கினு வந்து, கடைசில ரகசியம் பேசற ஒரே மைக்செட்டுக்காரன் நானாத்தான் இருப்பேன்.

இன்னொரு நாளு நாட்டார் தலைய ஆட்டின நேரம் கரையில மீன் ஏலம். ஏலம் வுடறது அஞ்சலை. அவங்க கொரலுக்கு முன்னாடி என் ஹாரன் கொசு. நான் சும்மா இருக்க மாட்டாம, மைக்குல அஞ்சலை மாதிரியே இழுத்து, நண்டு ஒரு கூறு, எறா ஒரு கூறுன்னு ஏலம் வுட்டேன். கர முழுக்க சிரிச்சாங்க. யாரோ ரெண்டு பேரு என் ஏலத்துக்கு வெல கூட கேட்டாங்க. அஞ்சலையும் சிரிச்சிகினேதான் வந்தாங்க. சரி, சந்தோசமாத்தான் இருக்காங்கன்னு, அப்பிடியே கொரல மாத்தி, பைப்பு வேலை பரிசீலனையில இருக்குதுங்கற அறிவிப்ப ஆரம்பிச்சேன். அவங்க சிரிப்பு நின்னுடுச்சி. பக்கத்துல கெடந்த காலி குடத்த எடுத்தாந்து ஹாரன் வாய்க்கு நேரா புடிச்சாங்க.

"நிறுத்தாம பேசு தம்பி. உன் வாயிலேருந்துதான தண்ணி கொட்டுது, ஒரு குடம் ரொம்பட்டும், எடுத்துகினு போறேன்."

பாக்கலாம்

ஆலங்கரையில எல்லாம் பெரியவூட்டார் வச்சதுதான் சட்டம். கோவிந்தசாமின்னு பேரு. கெட்டவர்னு சொல்ல முடியாது. கோயிலுக்கு செய்வாரு, கல்யாணத்துக்கு குடுப்பாரு. பைப்பு போட்டு மிஷின் வச்சி இழுத்தா சித்திரையில நம்ம கெணறு வத்திடும்னு அவருக்கு பயம். பயம்னு வெளிய சொல்லிக்க மாட்டாரு. யாரு போய் கேட்டாலும் கண்ண மூடிப்பாரு, மூக்குப்பொடிய ஒரு இழுப்பு இழுப்பாரு, "பாக்கலாம்"னுவாரு. அந்த இழுப்பையும் "பாக்கலாம்"ஐயும் நான் செஞ்சி காட்டினா அவரு வூட்டு நாயே வாலாட்டும்.

கொம்யூன்ல மீட்டிங் போட்டாங்க. மைக்கு என்னுது. கொம்யூன் தலைவர மேர்னு சொல்லுவாங்க, அவரு எழுந்து ரொம்ப பணிவா, அய்யா மனசு வச்சா ஒரு ஊரே பொழைக்கும், தெருவ தோண்டி மூடி தார் போட்டு குடுத்துடறோம்னாரு. குப்பத்து நாட்டார் கைய கட்டிகினு நின்னாரு. பெரியவூட்டார் கண்ண மூடினாரு. மூக்குப்பொடிய இழுத்தாரு. நான் மைக்க நீட்டறதுக்கு முன்னாடியே எல்லாருக்கும் தெரிஞ்சிபோச்சி. மீட்டிங் முடிஞ்சி டீ குடிச்சிட்டு கலைஞ்சிட்டாங்க. நாட்டார் மட்டும் டீய தொடல. திரும்பி வரும்போது காசி மிதிச்சிகினே கேட்டான்.

"பாக்கலாம் பாக்கலாம்னு சொல்றாரே, அதுக்கு மொதல்ல கண்ண தொறக்க வேணாமாடா?"

மாப்ளைக்கு பானகம்

மாசி மகத்துக்கு ஆலங்கரை பெருமாள் கடலுக்கு வருவாரு, தீர்த்தவாரி. ஆலங்கரையில அவரு சாமி. குப்பத்து எல்லைய தாண்டினா மாப்ள. எப்பவோ எங்க பொண்ண கட்டிகினாருன்னு குப்பத்துல சொல்லுவாங்க. மாப்ள வந்தா வாசல்லயே தாகத்துக்கு குடுக்கணும் இல்லியா? அதனால பல்லக்கு எல்லையில நின்னதும் பொண்ணு வூட்டு மொறையா செம்புல பானகம் வரும். சாமிக்கு காட்டிட்டு மொதல் செம்பு பெரியவூட்டாருக்கு, அப்பறம் பல்லக்கு தூக்கறவங்களுக்கு. அவரு குடிச்சி முடிச்சி, "தூக்குங்க"ன்னு சொன்னாத்தான் பல்லக்கு நவுரும். அந்த ஒரு வார்த்தைய கர முழுக்க கேக்கணும்னு மைக்க அவரு தாவாங்கட்டைக்கு கீழ புடிச்சிகினு நிக்கறது என் வேல.

மத்த வருஷம்லாம் குப்பத்து பொம்பளைங்க மொத நாளே ஆலங்கரைக்கு நடந்து, அவங்க கெணத்து தண்ணிய சொமந்தாந்து, அவங்க சாமிக்கே பானகம் கரைப்பாங்க. அந்த வருஷம் நடக்கல. நாட்டார் கிட்ட கேட்டாங்க, அவரு கடல பாத்துட்டு தலைய ஆட்டிட்டாரு. குப்பத்து கெணத்துலயே மொண்டு, வெல்லம், எலுமிச்சம்பழம், சுக்கு, ஏலக்காய் எதுலயும் கொற வைக்காம கரைச்சிட்டாங்க. எனக்கு இது ஒண்ணும் தெரியாது.

அஞ்சலை ரெண்டு கையாலயும் செம்ப நீட்டினாங்க. பெரியவூட்டார் அண்ணாந்து ஒரு வாய் ஊத்தினாரு. நான் எத்தினியோ மூஞ்சிய செஞ்சி காட்டியிருக்கேன், அந்த மூஞ்சி இன்னிக்கு வரைக்கும் எனக்கு வரல. கண்ணு ரெண்டும் நல்லா தொறந்துகிச்சி. துப்ப முடியாது, துப்பினா பொண்ணு வூட்ட அவமானப்படுத்தின மாதிரி, அதுவும் மாப்ள எதிர்ல. முழுங்கினாரு. பின்னால பல்லக்கு தூக்கற பசங்க செம்ப கையில வச்சிகினு அவரு மூஞ்சியவே பாத்துகினு நின்னாங்க. மேளக்காரன் கூட கைய நிறுத்திட்டான். அவரு அஞ்சலைய பாத்து, அவங்களுக்கு மட்டும் கேக்கற மாதிரி மெதுவா கேட்டாரு. மைக்கு கீழயே இருந்ததால கர முழுக்க கேட்டுடுச்சி.

"ஏம்மா, வெல்லம் போட்டுமா இப்பிடி கரிக்குது?"

அஞ்சலை ஏலம் வுடற கொரல எடுக்கவே இல்ல. அவங்களுக்கு அவ்ளோ மெதுவான ஒரு கொரல் இருக்குதுன்னே எனக்கு அன்னிக்குத்தான் தெரியும். "வெல்லம் போட்டதாலதான் உங்களால முழுங்க முடிஞ்சிதுங்க. எங்க புள்ளைங்க வெல்லம் போடாம குடிக்குது."

பெரியவூட்டார் செம்புக்குள்ள பாத்தாரு. இன்னும் பாதிக்கு மேல இருந்துச்சி. ஒரு வாய் குடிச்சா மொறை முடிஞ்சிது, கீழ வச்சிருக்கலாம், யாரும் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டாங்க. அவரு வைக்கல. மறுபடியும் அண்ணாந்து, நிறுத்தாம, கடைசி சொட்டு வரைக்கும் குடிச்சாரு. பசங்களும் குடிச்சாங்க. காலி செம்ப அஞ்சலை கையில குடுத்துட்டு மேல்துண்டால வாய தொடச்சிகினாரு. அப்பத்தான் மைக்க பாத்தாரு. தட்டிவுடப்போறாருன்னு கைய பின்னால இழுத்தேன். அவரு என் மணிக்கட்ட புடிச்சி மைக்க கிட்ட கொண்டாந்தாரு.

"பைப்பு எங்க தெரு வழியாவே வரட்டும். பல்லக்க தூக்குங்க."

அந்த வருஷ மழைக்கு முன்னாடியே குப்பத்துல தண்ணி வந்துடுச்சி, அத அறிவிக்கறதுக்குன்னு புது பேட்டரி மாட்டிகினு நானும் காசியும் போனா, கொழாயடியில பொம்பளைங்க போட்ட சண்ட சத்தத்துல என் ஹாரன ஒருத்தரும் காதுல வாங்கல.