ஓடை நடுவில் ஆரத்தி

முனிலட்சுமிக்கு ஓர் இடத்தில் உட்காரத் தெரியாது. சோற்றை வடித்துவிட்டு வாசலுக்கு வருவாள், மேகத்தைப் பார்ப்பாள், உள்ளே போவாள், திரும்ப வருவாள். மகள் ரூபாவுக்குப் போச்சம்பள்ளி கம்பெனியில் வேலை. கம்பெனி பஸ் ஓடைக்கு அக்கரையோடு நின்றுவிடும். ஊர் இக்கரையில். நடுவில் பாலம் கிடையாது.

ரூபா கைக்குழந்தையாக இருந்தபோது இரண்டு கரையும் ஒரே தொகுதி. பாலத்துக்கு அளந்துகூடப் பார்த்துவிட்டுப் போனார்கள். அப்புறம் அந்தத் தொகுதியையே கலைத்து, ஓடையை எல்லையாக்கி, ஆளுக்கொரு கரையைக் கொடுத்துவிட்டார்கள். கோடு போட்ட மகராசன் மழைக்காலத்தில் வந்து பார்த்திருக்க மாட்டான். அக்கரை எம்.எல்.ஏ. இக்கரையைக் கைகாட்டுவார். இக்கரைக்காரரோ, "பாதி ஓடை அவங்களுதுக்கா" என்பார். முனிலட்சுமிக்குச் செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம்.

போன வாரக் கோடை மழையில் ரூபாவை வெள்ளம் இழுத்தது. புங்கமர வேரைப் பிடித்துத் தப்பித்தாள்.

"வேலைய விட்டுடு கண்ணு" என்று அழுதாள் தாய்.

"விட்டுட்டு?" என்றாள் மகள். மறுநாள் அதே ஓடையில் இறங்கிப் போனாள். 

அந்த நேரம் பார்த்துத் தேர்தல். இக்கரை எம்.எல்.ஏ. மறுபடியும் ஓட்டுக் கேட்டு வந்தார். இந்தப் பக்கம் வேட்பாளர் வந்தால் ஊர் எல்லையில் பெண்கள் ஆரத்தி எடுப்பது வழக்கம். அதை வாங்காமல் போவது கெட்ட சகுனம் என்று எல்லாக் கட்சிக்காரர்களுக்கும் பயம். எப்போதும் தட்டோடு முன்னால் நிற்பவள் முனிலட்சுமி. அன்று ஊர் முகப்பில் ஒருத்தியையும் காணோம். அத்தனை பேரும் ஓடை நடுவில், முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தார்கள்.

"இங்க வாங்கண்ணா, எல்லை இதானே!" என்று முனிலட்சுமி கூப்பிட்டாள்.

அவர் வேறு வழியில்லாமல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். சுற்றி முடித்துப் பொட்டு வைக்கும்போது அவருக்குப் பாசி வழுக்கிவிட்டது. முனிலட்சுமி தட்டைப் போட்டுவிட்டு அவர் கையைப் பிடித்தாள்.

"விட்டுடாதக்கா! விட்டுடாத!"

"எம்பொண்ணும் இப்படித்தாண்ணா கத்துனாளாம். அவளுக்குக் கை குடுக்க ஆளில்ல" என்றாள். "இப்ப நீங்க நிக்கறது யாரு தொகுதி? சொல்லுங்க."

அவர் அக்கரையைப் பார்த்தார், இக்கரையைப் பார்த்தார். அவள் கையை மட்டும் விடவில்லை.

கரையேறி, ஈர வேட்டியைப் பிழிந்தபடி, "பாக்கலாங்க்கா" என்றார். வண்டிகள் போய்விட்டன. மேற்கே மழை கட்டிக்கொண்டு வந்தது. முனிலட்சுமி மாட்டை அவிழ்த்து விட்டுவிட்டு, அந்தக் கயிற்றை எடுத்துக்கொண்டு ஓடைக்கு ஓடினாள். பஸ் வரும் நேரமாகிவிட்டது.