குளோவர் பிழைத்த மேடு

கமலவேணி அம்மா தூக்கத்திலேயே போய்விட்டார் என்று மேட்டுப்பாளையத்திலிருந்து அவருடைய மகன் போன் செய்தபோது, எனக்கு முதலில் வந்தது நிம்மதிதான். இரண்டு வருடமாகப் படுத்த படுக்கை. உட்காரச் சொன்னாலே கோபித்துக்கொள்ளும் மனுஷி அப்படிக் கிடந்ததைப் பார்த்தவர்கள் யாரும் என்னைத் தப்பாக நினைக்க மாட்டார்கள். அழுகை மத்தியானத்துக்கு மேல்தான் வந்தது.

எழுபதுகளின் கடைசியில் குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் ஃபீல்டு ஆபீசர். அவர் எங்கள் பகுதிக்குக் கால்நடை ஆய்வாளர். சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள் லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீடுகளில் பசு வளர்த்தன. பசுக்கள் தேயிலைக்குள் புகுந்து மிதிக்கின்றன என்று மேனேஜர் எல்லாவற்றையும் விற்கச் சொல்லிவிட்டார். கமலவேணி அம்மா யாரும் விற்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மேனேஜரிடம் போய் வாதாடி, பழைய தேயிலைச் செடி பிடுங்கிய ஒரு மேட்டைத் தீவனத்துக்குக் கேட்டு வாங்கினார். பனி விழுவதற்குள் அங்கே தீவனம் வளராவிட்டால் மாடுகள் போக வேண்டும் என்பது நிபந்தனை.

குளோவர் என்கிற தீவனச் செடியை விதைத்தோம். இரண்டு விரல் உயரம் வந்து, மஞ்சளாகி, அப்படியே நின்றுவிட்டது. தேயிலை மஞ்சளித்தால் எங்களுக்குத் தெரிந்த வைத்தியம் அமோனியம் சல்பேட் உரம். லயத்துப் பெண்களும் தங்கள் காய்கறிப் பாத்திக்கு வைத்திருந்ததைக் கொண்டுவந்து ஆசையாகப் போட்டுவிட்டார்கள். குளோவர் இன்னும் வெளுத்தது. களைப்புல் மட்டும் கொழுத்தது.

கமலவேணி அம்மா திட்டவில்லை. ஒரு செடியைப் பிடுங்கி வேரைக் காட்டினார். "ஒரு முடிச்சுகூட இல்லீங்க பாருங்க. முடிச்சு வந்தா தனக்கு வேணுங்கிற சத்தை அதுவே தேடிக்கும். மண்ணு இப்படிப் புளிச்சுக் கெடந்தா அது எங்கிருந்து வரும்?"

"தேயிலைக்குப் போடுற மாதிரித்தானே போட்டோம்" என்றாள் செல்லம்மா. கப்பலேறி வந்தபின் அவள் சேர்த்த சொத்து ஒரு செவலைப் பசு மட்டும்.

"தேயிலைக்குப் புளிப்பு வேணும் அம்மிணி. அந்த உரம் புளிப்ப இன்னும் ஏத்தும், இதுக்கு ஆகாது."

மேட்டை மறுபடி கொத்தினோம். புளிப்பை முறிக்கச் சுண்ணாம்புத் தூள் தேடினோம்; கிடைத்தது பாதி இடத்துக்குத்தான் வந்தது. மீதிக்கு ஃபேக்டரி அடுப்பின் விறகுச் சாம்பல். இரண்டையும் மண்ணோடு நன்றாகக் கலந்து, கொஞ்சம் சூப்பர் பாஸ்பேட்டும் போட்டோம். ஊட்டிப் பக்கம் குளோவர் செழித்த ஒரு மேய்ச்சல் நிலத்திலிருந்து அவரே ஒரு கூடை மண் கொண்டுவந்து, வேரில் முடிச்சு வரவைக்கும் நுண்ணுயிர் அதில் இருக்கிறது என்று சொல்லி, விதையில் பிசைந்து மறுபடி விதைத்தார். தலையெல்லாம் சாம்பலாக நின்றவரிடம், "ஏனுங்க, இப்படியே சாமியாராப் போயிரலாமா?" என்றேன்.

"மொதல்ல மாடு பொழைக்கட்டுங்க. அப்பறம் காசிக்குப் போலாம்" என்றார்.

பனிக்கு முன்னால் மேனேஜர் பார்க்க வந்தார். சுண்ணாம்புப் பக்கம் கணுக்கால் உயரம்; சாம்பல் பக்கம் கொஞ்சம் குட்டை, ஆனாலும் பச்சை. கமலவேணி அம்மா ஒரு செடியைப் பிடுங்கி, வேர் முடிச்சை நகத்தால் கிள்ளினார். உள்ளே இளஞ்சிவப்பு. "உசுரு புடிச்சிருச்சுங்க" என்று நீட்டினார். மேனேஜர் வேரைப் பார்த்தார், மேட்டைப் பார்த்தார், மாடுகள் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

ஜீப் மறைந்ததும் கமலவேணி அம்மா ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். "அப்பாடா. எனக்கு நம்பிக்கையே இல்ல அம்மிணி" என்றார் செல்லம்மாவிடம். நாங்கள் எல்லோரும் அவர் நம்பிக்கையை நம்பித்தான் அத்தனை நாள் இருந்தோம்.

செல்லம்மாவுக்கு முகமே மாறிவிட்டது. "அப்ப ஏம்மா மாட்ட விக்காதீங்கன்னு சொன்னீங்க?"

"புல்லுன்னா மறுக்கா வெதைச்சுக்கலாம். வித்த மாடு மறுக்கா வருமா?"

அதற்குப் பிறகு என் வாழ்க்கையில் நம்பிக்கை இல்லாமல் போன சமயங்கள் நிறைய. அப்போதெல்லாம் பயந்துகொண்டே இருந்திருக்கிறேன். ஆனால் திரும்பி வராத எதையும் அந்தப் பயத்தில் விற்றதில்லை. கமலவேணி அம்மாவிடமிருந்து என்னிடம் இருப்பது அதுதான்.